டிஷ்வாஷர் ஃபில்டரைக் கழுவ எது நல்லது: சோப்பா, வினிகரா, சிட்ரிக் ஆசிடா, கடையில் விற்கும் க்ளீனரா?

டிஷ்வாஷர் ஃபில்டரை எதைப் போட்டுக் கழுவலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் வினிகர் என்பார். இன்னொருவர் ஆப்பச் சோடா என்பார். சர்வீஸுக்கு வருகிறவர் ஒரு பாட்டிலைக் காட்டி, மாதம் ஒன்று வாங்கிப் போட்டால் போதும் என்பார். இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்யும் என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. ஃபில்டரில் சேர்வது இரண்டு விதமான அழுக்கு. எண்ணெய்ப் பிசுக்கும் சாப்பாட்டுத் துணுக்கும் ஒரு விதம். தண்ணீரிலிருந்து வரும் சுண்ணாம்புப் படிவு, அதாவது பக்கெட்டிலும் குழாயிலும் உப்புக்கறை என்று சொல்கிறோமே, அது இன்னொரு விதம். ஒன்றைப் போக்குகிற பொருள் மற்றொன்றை அசைக்கக்கூட அசைக்காது. உங்கள் வீட்டு ஃபில்டரில் எது அதிகம் என்று தெரிந்துவிட்டால், எதை வாங்குவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுவது என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாராவாரம் செய்கிற வேலைக்குப் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் வெந்நீரும் மெல்லிய பிரஷும் போதும். அந்த இடத்தை வேறு எதாலும் நிரப்ப முடியாது. போர்வெல் தண்ணீர் வரும் வீடு என்றால் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிட்ரிக் ஆசிட் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் க்ளீனர் நல்ல பொருள்தான், ஆனால் ஃபில்டருக்காக அதை வாங்க வேண்டியதில்லை. வினிகர் அவசரத்துக்கு. ஆப்பச் சோடாவுக்கு இங்கே பெரிய வேலை இல்லை. பிளீச் கூடவே கூடாது.

ஃபில்டர் அடைத்தால் ஏன் பாத்திரம் அழுக்காக வருகிறது

மெஷின் குழாயிலிருந்து புதுத் தண்ணீரை இடைவிடாமல் எடுத்துப் பாத்திரத்தின் மேல் அடிப்பதில்லை. கொஞ்சம் தண்ணீரை எடுத்து, அதையே பம்ப் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. ஒரு லோடு பாத்திரம் சுமார் 10 லிட்டரில் கழுவி முடிவது இதனால்தான். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு சுற்றிலும் ஃபில்டர் வழியாகத்தான் போகவேண்டும். வலை அடைத்துக்கொண்டால் பம்புக்குப் போதுமான தண்ணீர் கிடைக்காது, தண்ணீரை அடித்தபடி சுற்றும் கையான ஸ்ப்ரே ஆர்ம் வேகமில்லாமல் சுற்றும், அழுக்குத் தண்ணீரே மறுபடி பாத்திரத்தில் விழும். டம்ளரின் உள்பக்கம் மணல் மாதிரித் துகள் ஒட்டியிருக்கும், மேல் தட்டில் வைத்த கிண்ணம் பாதி கழுவினதாக வரும். பலர் இந்தக் கட்டத்தில் டீடர்ஜென்ட் டேப்லெட்டின் பிராண்டை மாற்றுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரை.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான முழு அளவு மெஷின்களில் ஃபில்டர் மூன்று பாகமாக இருக்கும். கீழ்த் தட்டை இழுத்து வெளியே வைத்தால், ஸ்ப்ரே ஆர்முக்கு அடியில் தெரியும். பெரிய துணுக்குகளைப் பிடிக்கும் நடுப்பகுதி, அதைச் சுற்றிய நுண்வலை உருளை, இவை இரண்டையும் தாங்கும் தட்டையான வலை. உருளையை இடப்பக்கமாகத் திருகித் தூக்கினால் மூன்றும் வந்துவிடும். எந்தக் கருவியும் வேண்டாம்.

நம் சமையல் இந்த மூன்றையும் வெவ்வேறு விதமாகச் சோதிக்கிறது. கறிவேப்பிலை, கடுகு, மிளகாய் விதை, புளிச் சக்கை, முருங்கைக்காய் நார் எல்லாம் நடுப்பகுதியில் தங்கும். அது கண்ணுக்குத் தெரியும், எடுத்துக் கொட்டிவிடலாம். தொல்லை தருவது நுண்வலைதான். சோற்றுக் கஞ்சி, இட்லி மாவு, பருப்பு, தேங்காய்ப் பால் இவற்றின் பசை அதன் துளைகளை மெல்ல மூடும். அதன் மேல் நெய்யும் எண்ணெயும் படிந்து இறுகும். பார்வைக்குச் சுத்தமாகத் தெரிகிற வலைகூட அடைத்திருக்கலாம். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஒரே சீராக வந்தால் சரி. திட்டுத் திட்டாக மங்கலாக இருந்தால் கழுவ வேண்டும்.

அழுக்கு எந்த வகை என்பதற்கும் சோதனை எளிது. விரலால் தடவும்போது வழவழவென்று பிசுபிசுத்தால் அது எண்ணெயும் மாவும். காய்ந்த பிறகு வெள்ளையாகச் சொரசொரப்பாக இருந்தால் சுண்ணாம்பு. சந்தேகம் இருந்தால் அந்த வெள்ளையின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரை பொங்கினால் சுண்ணாம்புதான். பிளாஸ்டிக் பாகம் மஞ்சளாக மாறியிருந்தால் கவலை வேண்டாம், அது சமையல் மஞ்சளின் சாயம். ஃபில்டரின் வேலையை அது கெடுக்காது. அதற்காகத் தேய்த்துத் தேய்த்து வலையைக் கிழித்துவிடாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் கழுவி வெயிலில் வைத்தால் நிறம் மங்கும்.

சோப்பும் வெந்நீரும்

வாராந்திர வேலைக்கு இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். எண்ணெயைப் பிரித்து எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது பாத்திர லிக்விட். வெந்நீர் உறைந்த நெய்யை இளக்கிவிடுகிறது. ஒரு பேசினில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் வைத்து, சில சொட்டு லிக்விட் விட்டு, மூன்று பாகத்தையும் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்க்கவேண்டும். தேய்த்ததும் குழாயடியில் வலையின் வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். அழுக்குத் தண்ணீர் வந்த திசைக்கு எதிர்த்திசையில் விட்டால்தான் துளையில் சிக்கிய துகள் பின்வாங்கி வெளியே விழும். உள்ளிருந்து வெளியே அடித்தால் அது இன்னும் இறுகிக்கொள்ளும்.

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவது தவறு. பிளாஸ்டிக் சட்டம் கொஞ்சம் வளைந்தால்கூட ஃபில்டர் இடத்தில் சரியாக உட்காராது. கம்பி நார், ஸ்க்ரப்பரின் பச்சைப் பக்கம், ஊசி, பின் எதுவும் வேண்டாம். வலையில் ஒரு கிழிசல் விழுந்தால் கடுகு நேராகப் பம்புக்குள் போகும்.

இந்த முறையின் குறை ஒன்றுதான். சுண்ணாம்பை இது கரைக்காது. எத்தனை நல்ல லிக்விட் ஆனாலும் சரி.

புளிப்புப் பொருள்கள்: வினிகரும் சிட்ரிக் ஆசிடும்

சுண்ணாம்புப் படிவு என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரைந்து கார்பன் டை ஆக்சைடாகப் பொங்கிப் போய்விடும். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமும், எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலமும் இந்த வேலையைச் செய்யும். அப்படியானால் எது வாங்கலாம்?

நான் சிட்ரிக் ஆசிட் பக்கம்தான். வாடை கிடையாது. தூளாக இருப்பதால் டப்பாவில் போட்டு வைத்தால் கெடாது, தேவைக்கேற்ப வலுவைக் கூட்டிக் குறைக்கலாம். கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும், சில மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி தூள் போட்டு, ஏற்கெனவே சோப்புப் போட்டுக் கழுவின ஃபில்டரை அரை மணி நேரம் ஊறவைத்தால் வெள்ளைப் படிவு இளகிவிடும். வரிசை முக்கியம். மேலே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அமிலம் சுண்ணாம்பைத் தொடவே முடியாது. அதனால் சோப்பு முதலில், அமிலம் பிறகு.

வினிகரும் வேலை செய்யும். ஆனால் சமையல் வினிகரில் அமிலத்தின் அளவு குறைவு, 4 முதல் 5 சதவீதம் அளவில்தான் இருக்கும். தடித்த படிவுக்கு நிறைய ஊற்ற வேண்டும், வாடையும் தங்கும். மெஷினுக்குள் அடிக்கடி வினிகர் ஊற்றினால் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பாகங்கள் நாளடைவில் பாதிக்கப்படும் என்ற கருத்தும் உண்டு. சில நிறுவனங்களின் கையேடு வினிகரைப் பரிந்துரைக்கிறது, சிலவற்றின் கையேடு வேண்டாம் என்கிறது. உங்கள் மெஷினின் கையேடு சொல்வதுதான் உங்களுக்குப் பொருந்தும். ஃபில்டரை மட்டும் வெளியே எடுத்துப் பேசினில் ஊறவைப்பதற்கு எப்போதாவது வினிகர் எடுத்தால் அந்தக் கவலை இல்லை.

மெஷின் முழுவதும் படிவு இருந்தால், பாத்திரமும் டீடர்ஜென்ட்டும் இல்லாமல், அடியில் மூன்று நான்கு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூவி, சூடான புரோகிராமில் ஓட்டலாம். இதையும் கையேட்டைப் பார்த்துவிட்டே செய்யுங்கள்.

சோடாவும் பிளீச்சும்

ஆப்பச் சோடா லேசான காரம். வாடையைக் கொஞ்சம் குறைக்கும், லேசாகத் தேய்க்க உதவும். எண்ணெயை அகற்றுவதில் பாத்திர லிக்விடை அது மிஞ்சாது, சுண்ணாம்பை ஒன்றும் செய்யாது. அதை வினிகரோடு கலந்தால் பொங்கும் நுரையைப் பார்த்து மிகவும் சக்தி வாய்ந்த கலவை என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிட, மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புக் கரைசல். இரண்டு நல்ல பொருளும் வீண். வாடைக்கு வேண்டுமானால் சோடாவைத் தனியாகப் பயன்படுத்துங்கள்.

பிளீச் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதிலுள்ள குளோரின் சேர்மம் ஸ்டீலில் புள்ளிப் புள்ளியாக அரிப்பை உண்டாக்கும். ஃபில்டர் வலை, மெஷினின் உள்சுவர் இரண்டும் பெரும்பாலும் ஸ்டீல். அதைவிட ஆபத்து, பிளீச்சோடு வினிகரோ சிட்ரிக் ஆசிடோ சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் இது விளையாட்டல்ல. பாத்ரூமுக்கு வாங்கிய அமில க்ளீனரையும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

கடையில் விற்கும் மெஷின் க்ளீனர்

ஃபினிஷ் போன்ற பிராண்டுகளில் கிடைக்கும் இந்தத் திரவத்தில் அமிலமும் எண்ணெய் நீக்கியும் சேர்ந்தே இருக்கும். பாட்டிலின் வாயில் மெழுகு அடைப்பு. கீழ்த் தட்டில் தலைகீழாக வைத்து, காலி மெஷினைச் சூடான புரோகிராமில் ஓட்டினால், மெழுகு உருகித் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். கை எட்டாத இடங்களுக்கு, அதாவது ஸ்ப்ரே ஆர்மின் உள்பக்கம், ஹோஸ், பம்பைச் சுற்றிய பகுதி இவற்றுக்கு, இது உண்மையிலேயே உதவுகிறது. அந்த வசதிக்குத்தான் காசு.

ஆனால் கடுகையும் கறிவேப்பிலைக் காம்பையும் எந்தத் திரவமும் கரைக்காது. ஃபில்டரை எடுத்துக் கழுவாமல் இந்தப் பாட்டிலை மட்டும் நம்பினால், படிந்த துணுக்கு அப்படியே இருக்கும். முதலில் ஃபில்டரைக் கையால் கழுவி மாட்டிவிட்டு, அதன் பிறகு க்ளீனரை ஓட்டினால் பலன் முழுதாகக் கிடைக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை போதும். சிட்ரிக் ஆசிட் ஓட்டுகிற வீட்டில் இதை இன்னும் குறைத்துக்கொள்ளலாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை

கையேடுகளில் வாரம் ஒருமுறை முதல் சில மாதங்களுக்கு ஒருமுறை வரை எழுதியிருக்கும். மூன்று வேளையும் சமைத்து, தினம் ஒரு லோடு ஓட்டும் வீட்டுக்கு வாரம் ஒருமுறை என்பதே என் கணக்கு. இருவர் மட்டும் இருந்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு லோடு போடும் வீட்டில் இரண்டு வாரம் வரை தாங்கும். நடுப்பகுதியில் இருக்கும் துணுக்கை மட்டும் ஒவ்வொரு லோடுக்கும் முன்னால் கொட்டிவிடுவது நல்ல பழக்கம். ஒரு நிமிடம்கூட ஆகாது.

எப்போதும் ஈக்கோ புரோகிராமிலோ குறைந்த சூட்டிலோ ஓட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். 45, 50 டிகிரியில் எண்ணெய் முழுதாகப் போகாமல் ஃபில்டரிலும் அடித்தொட்டியிலும் தங்கும். வாரம் ஒரு லோடாவது 65, 70 டிகிரியில் ஓட்டினால் பிசுக்கு சேர்வது நன்றாகக் குறையும். பாஷ் இந்தியாவில் இன்டென்சிவ் கடாய் என்று பெயரிட்டுத் தரும் புரோகிராம் 70 டிகிரிதான். எண்ணெய்ச் சட்டிகளை எல்லாம் அந்த ஒரு லோடில் சேர்த்துப் போட்டால் மின்சாரமும் வீணாகாது.

பாத்திரத்தை முன்கூட்டியே குழாயில் அலசிப் போடுவதா, வழித்துவிட்டு மட்டும் போடுவதா என்பது பல வீடுகளில் நடக்கும் விவாதம். வழித்தால் போதும். முன்கூட்டி அலசினால் மெஷின் மிச்சம் பிடிக்கும் தண்ணீர் சிங்க்கிலேயே போய்விடும். ஆட்டோ புரோகிராம் உள்ள மெஷின்கள் தண்ணீரின் கலங்கலை அளந்துதான் எவ்வளவு நேரம் கழுவுவது என்று தீர்மானிக்கின்றன. அலசிப் போட்ட பாத்திரத்தைப் பார்த்து அது சீக்கிரமே முடித்துக்கொண்டால், காய்ந்து ஒட்டிய இடங்கள் அப்படியே நிற்கும். சோற்றுப் பருக்கை, தாளித்த கறிவேப்பிலை, எலும்பு, எலுமிச்சை விதை இவற்றை மட்டும் ஒரு ரப்பர் கரண்டியால் வழித்துக் குப்பையில் போடுங்கள். மாவுக் கரைசல் காய்ந்த பாத்திரம் மட்டும் விதிவிலக்கு, அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போடலாம்.

கடினமான தண்ணீர் என்றால் உப்புதான் முதல் செலவு

சுண்ணாம்பை வந்தபின் கரைப்பதைவிட வரவிடாமல் தடுப்பது மேல். மெஷினின் அடியில், ஃபில்டருக்குப் பக்கத்திலேயே ஒரு மூடி இருக்கும். அதற்குள் போடும் டிஷ்வாஷர் சால்ட்தான் அந்த வேலையைச் செய்கிறது. உள்ளே இருக்கும் ரெசின் என்ற பொருள், தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கிறது. பிடித்துப் பிடித்து நிறைந்துபோன ரெசினை உப்புக் கரைசல் மீண்டும் தயார் செய்கிறது. சமையல் உப்பை இதில் போடக் கூடாது. அதில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் இருக்கும், பொடியாகவும் இருப்பதால் அடைத்துக்கொள்ளும். தவறிப்போய் டீடர்ஜென்ட் பவுடரை அந்த மூடிக்குள் போட்டால் மென்மையாக்கும் பகுதியே பாழாகும்.

எவ்வளவு உப்பு வேண்டும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. மெஷின் கையேடுகள் பெரும்பாலும் ஜெர்மன் டிகிரி என்ற கடினத்தன்மை அலகில் பேசும். ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 17.8 மில்லிகிராம். 200 என்றால் 11 டிகிரி, 600 என்றால் 34 டிகிரி அருகில். உப்பின் வேலையையும் சேர்த்துச் செய்யும் ஆல் இன் ஒன் டேப்லெட் மட்டும் போதும் என்பது சுமார் 21 டிகிரி வரைதான் செல்லும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டுக்கு டேப்லெட் போதுமாக இருக்கலாம். சென்னையில் போர்வெல்லும் லாரித் தண்ணீரும் கலந்து தொட்டியில் ஏறும் அடுக்ககத்தில் அதை நம்ப முடியாது. லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கும் குழாய்த் தண்ணீர் கடினமானதே, அங்கேயும் உப்பு அவசியம்.

ஆர்ஓ மெஷினோடு வரும் டிடிஎஸ் மீட்டரைக் காட்டித் தண்ணீர் கடினமா என்று முடிவு செய்கிறார்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் சேர்த்துச் சொல்வது. கடினத்தன்மைக்கென்று தனியாக டெஸ்ட் ஸ்ட்ரிப் கிடைக்கிறது, அதை ஒருமுறை வாங்கிப் பார்த்து மெஷினில் கடினத்தன்மை அளவை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். அடுக்ககத்தில் பொது சாஃப்ட்னர் இருந்தால் அளவைக் குறைத்து வையுங்கள். தேவைக்கு மேல் மென்மையான தண்ணீர் கண்ணாடி டம்ளரை மெல்ல அரித்து மங்கலாக்கும். ஆர்ஓ வெளியேற்றும் கழிவு நீரை மெஷினுக்குக் கொடுக்கவே வேண்டாம், அதில் கடினத்தன்மை இன்னும் செறிந்திருக்கும்.

மேலே தொட்டியில் மணல், வண்டல் வரும் வீடுகளில் இன்னொரு வலையையும் பாருங்கள். குழாயும் இன்லெட் ஹோஸும் சேரும் இடத்தில் பொத்தான் அளவுக்கு இருக்கும். மெஷின் தண்ணீர் எடுக்கத் தாமதித்தால் பெரும்பாலும் அங்கேதான் அடைப்பு. குழாயை மூடிவிட்டு, ஹோஸைக் கழற்றி, அந்த வலையை அலசி மாட்டினால் சர்வீஸ் கட்டணம் மிச்சம்.

புது மெஷின் வாங்குகிறவர்களுக்கு

தானே சுத்தம் செய்துகொள்ளும் ஃபில்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் பழைய மாடல்களில் உணவுத் துணுக்கை அரைத்துத் தள்ளும் சிறு பிளேடு உண்டு. கழுவும் வேலை குறைவு, சத்தம் அதிகம். கையால் எடுத்துக் கழுவும் ஃபில்டர் உள்ள மெஷின்கள் சத்தம் குறைவாக ஓடும். நம் ஊரில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை. பெட்டியில் செல்ஃப் க்ளீனிங் என்று எழுதியிருந்தாலும் கையேட்டைத் திறந்து பாருங்கள், ஃபில்டரை எடுத்துக் கழுவச் சொல்லும் பக்கம் இருந்தால் அதையே நம்புங்கள். கடையில் டெமோ பார்க்கும்போது ஃபில்டரை ஒருமுறை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இதைச் செய்யவேண்டிய வீடு என்றால், குனிந்து திருகுவது எவ்வளவு சுலபம் என்பது விலையைப் போலவே முக்கியம்.

மாட்டும்போது உருளையில் உள்ள அம்புக்குறி எதிர் அம்புக்குறிக்கு நேரே வரும்வரை வலப்பக்கம் திருகி, அசைகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். சரியாகப் பூட்டாத ஃபில்டர், ஃபில்டரே இல்லாததற்குச் சமம். ஸ்ப்ரே ஆர்ம் துளைகளில் கறிவேப்பிலைக் காம்போ விதையோ சிக்கியிருந்தால் அப்போதே பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடலாம். ஊருக்குப் போவதாக இருந்தால் கடைசி லோடு முடிந்ததும் ஃபில்டரைக் கழுவி, காயவைத்து, வெளியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஈரமாக உள்ளே விட்டுப் போனால் வாடையும் கரப்பானும் சேரும். மெஷின் கதவையும் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். சால்ட் நிரப்புவதை மட்டும் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பும்போது வழியும் உப்புக் கரைசல் ஸ்டீலை அரிக்கும் என்பதால் நிரப்பிய உடனே ஒரு லோடு ஓட்டியாக வேண்டும்.